கல்லுக்குக் கீழே என்ன போடுவார் என்று முதலில் கேளுங்கள்

கட்டாரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில், அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்கிறார்கள். கேற்றிலிருந்து போர்ட்டிகோ வரை 40 அடி நீளம், 10 அடி அகலத்தில் வாகனம் வந்துபோகிற பாதை. குசினிக்குப் பின்னால், பின்னேரத்தில் கதிரை போட்டு இருக்க 15க்கு 12 அடியில் ஒரு முற்றம். இரண்டுக்கும் இன்டர்லொக் கொங்கிரீட் கல் பதிக்க மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார். ஒருவர் மற்ற இருவரையும்விட மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறாராம். "கல் ஒன்றுதானே அண்ணன், ஏன் இவ்வளவு வித்தியாசம்? யாருக்குக் கொடுக்கலாம்?" என்பது அவருடைய கேள்வி.

கல் ஒன்றாகவே இருக்கலாம் தம்பி. விலை வித்தியாசம் பெரும்பாலும் கல்லுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பகுதி மூடப்பட்டுப் போகும் என்பதால், விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் அங்கேதான் கை வைப்பார். மூவரும் தந்த விலைத்தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். "இன்டர்லொக் பதித்துக் கொடுத்தல், சதுர அடி இத்தனை ரூபா" என்று ஒருவர் ஒரே வரியில் எழுதியிருப்பார். அந்த வரிக்குள் மண் வெட்டுவது அடக்கமா, கிரவல் எத்தனை அங்குலம், மண் இறுக்கும் மெசினான கொம்பெக்டரின் வாடகை யார் தலையில், ஓரக்கல் சேர்த்தியா, கல் வெட்டுக்கூலி தனியா, வெட்டிய மண்ணை யார் ஏற்றிப்போவது, ஒன்றும் தெரியாது. வேலை பாதியில் நிற்கும்போது "அது இந்த விலையில் வராது" என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். குறைந்த விலை சொன்னவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. சிலரிடம் சொந்த மெசின் இருக்கும், கல் அச்சும் சொந்தமாக இருக்கும்; அவர்களால் உண்மையாகவே குறைத்துச் செய்ய முடியும். எதைச் சேர்த்து, எதை விட்டு அந்த விலை வந்தது என்று தெரியும்வரை மூன்று விலையையும் ஒப்பிடவே முடியாது.

சரி, கீழே என்னதான் இருக்க வேண்டும்? அடியிலிருந்து மேலே சொல்கிறேன். முதலில் மேல் மண், புல், வேர் எல்லாம் வெட்டி எடுத்து, கிடக்கும் தரையை இறுக்க வேண்டும். அதன்மேல் நல்ல கிரவல் அல்லது குவாரியில் கிடைக்கும் ஏபிசி கலவை (உடைகல்லும் தூளும் சேர்ந்தது), இறுக்கிய பிறகு 6 அங்குலம். அதன்மேல் பரும்படியான மணல் ஒன்று, ஒன்றரை அங்குலம். அதற்கு மேல்தான் கல். கல்லோடு சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 10 அங்குலம் வரும். இப்போதுள்ள நில மட்டத்திலேயே பாதை அமைய வேண்டுமென்றால் 10 அங்குலம் தோண்டியாக வேண்டும். உங்கள் 400 சதுர அடிக்கு அது 330 கன அடி மண், நூறு கன அடி ஒரு கியூப் என்ற கணக்கில் மூன்றுக்கு மேல். "மூன்று கியூப் மண்ணை எங்கே கொட்டப்போகிறீர்கள்?" என்று மூவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் உடனே பதில் சொல்வார். இன்னொருவர் "அவ்வளவு மண் வராதே" என்பார். புல்லைச் செதுக்கிவிட்டு மூன்று அங்குலம் மணல் கொட்டிக் கல் அடுக்குவதுதான் அவருடைய திட்டம் என்று அப்போதே விளங்கிவிடும்.

அதேபோல கிரவலையும் கணக்குப் பார்க்கலாம். 400 சதுர அடிக்கு 6 அங்குலம் என்றால் இறுக்கிய பிறகு 2 கியூப். கொட்டும்போது தளர்வாக இருப்பதால் இரண்டரைக்கு மேல் இறக்க வேண்டிவரும். ஒரு ட்ராக்டர் பெட்டி கிரவலோடு வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள். வருகிற கிரவலுக்கும் மணலுக்கும் சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதும் நல்லது. பத்திரமில்லாத லோட் வழியில் பிடிபட்டால் நிற்கப்போவது உங்கள் வேலைதான்.

மண்ணைப் பற்றி நம்முடைய பக்கத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. எழுவான்கரையில், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி தொடங்கி களுவாஞ்சிகுடி, கல்முனை வரைக்கும் கடலோரம் முழுக்க மணல். தண்ணீர் நன்றாக இறங்கும், ஆனால் காய்ந்தால் காலடியில் நழுவும். இதை நனைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். காய்ந்த மணலில் கொம்பெக்டரை ஓட்டினால் மெசின் சத்தம் போடும், மண் இறுகாது. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலோ, சம்மாந்துறை வயலோரத்திலோ, வயலை நிரப்பிக் கட்டிய காணியிலோ கதை வேறு. அது களி. கோடையில் பாறை மாதிரி நிற்கும், மாரியில் இளகிவிடும். அங்கே 6 அங்குலம் போதாது. 8, 10 வரை போகவேண்டிவரும். கிரவல் களிக்குள் புதைந்துபோகாமல் இடையில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பது செலவுக்குத் தகுந்த பலன் தரும். உங்கள் காணி மணல் பக்கம் என்பதால் அந்தச் செலவு பெரும்பாலும் தப்பும். காணியை எப்போதாவது மண் போட்டு நிரப்பினார்களா என்று மட்டும் அப்பாவிடம் கேளுங்கள்.

இறுக்குவது என்றால் கடைசியில் ஒரு தடவை மெசினை ஓட்டுவதல்ல. சிறிய பிளேட் கொம்பெக்டர் 6 அங்குலத்துக்கு மேல் கொட்டியதை ஒரேயடியாக இறுக்காது. மேலே கெட்டியாகும், கீழே பொலபொலவென்று கிடக்கும். மூன்று மூன்று அங்குலமாக, லேசாகத் தண்ணீர் தெளித்து இறுக்கச் சொல்லுங்கள். பரிசோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். ஓரிடத்தில் அலவாங்கை ஒரு குத்துக் குத்தினால் அது துள்ள வேண்டும், உள்ளே போகக்கூடாது. இன்னும் நல்லது, மணல் ஏற்றிவரும் ட்ராக்டரை அந்தக் கிரவல் மேலாகவே மெதுவாக விடச் சொல்லுவது. ரயர் போன இடம் பதிந்தால் அங்கே தோண்டித் திரும்ப இறுக்கட்டும். ஆனால் பாதைக்குக் கீழே மலசலகூடக் குழியோ பழைய குழியோ கிடந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

இனித் தண்ணீர். நம்முடைய ஊரில் முற்றத்து வேலை கெடுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு அங்குல மழை பெய்தால் உங்கள் பாதையில் மட்டும் 940 லீற்றர் தண்ணீர் விழும். கூரைத் தண்ணீரும் அதிலேயே விழுந்தால் இன்னும் கூட. மாரியில் ஒரு அங்குல மழை எங்களுக்கு ஒரு காலை நேரத்துச் சமாச்சாரம். அதனால் ஆள் அளக்க வரும்போது முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். நாடாவை எடுத்து நீள அகலம் அளந்துவிட்டு விலை சொல்பவர் ஒரு வகை. "மழைத்தண்ணி இப்ப எந்தப் பக்கம் ஓடுது?" என்று அம்மாவிடம் கேட்பவர் இன்னொரு வகை. நான் இரண்டாமவருக்குத்தான் கொடுப்பேன், கொஞ்சம் விலை கூடினாலும்.

சரிவு 10 அடிக்கு 2 அங்குலம் வைத்தால் போதும். அகலவாக்கில் ஒரு பக்கம் சரித்தால் 2 அங்குலத்தோடு முடியும். நீளவாக்கில் கேற்றை நோக்கிச் சரித்தால் 40 அடிக்கு 8 அங்குலம் இறங்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். தார்க் காப்பட் போடப் போட வீதி உயர்ந்துகொண்டே வருகிறது, பழைய வீட்டு வளவுகள் பள்ளமாகிவிட்டன. வீதிப் பக்கம் தண்ணீரை விட நினைத்தால் வீதித் தண்ணீர்தான் உள்ளே வரும். அப்படியான வளவில் பாதையின் ஒரு ஓரமாகச் சரித்து, அங்கே ஒரு சிறு கானோ, கருங்கல் நிரப்பிய ஊறவைக்கும் குழியோ வைப்பதுதான் வழி. மணல் நிலம் குடித்துக்கொள்ளும். பக்கத்து வளவு மதிலடிக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுப் பிறகு வாய்த்தர்க்கம் படுவது வேண்டாம். வெள்ளத்துக்குப் பயந்து முற்றத்தை அளவுக்கு மீறி உயர்த்துபவர்களும் உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் முற்றம் வீட்டுத் தரையிலிருந்து 6 அங்குலமாவது தாழ இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் சுவர் ஈரம் குடிக்கும், போர்ட்டிகோவுக்குள் தண்ணீர் வழியும். வளவு முழுவதையும் மூடிவிடவும் வேண்டாம். கிணற்றுக்கு இறங்க வேண்டிய மழைக்கும் கொஞ்சம் வெறும் மண் வேண்டும். தென்னை, மாமரத்தடியில் இரண்டு மூன்று அடி வட்டமாக விட்டுவிடுங்கள். வேர் கல்லைக் கிளப்பாது, மரமும் தண்ணீர் குடிக்கும்.

ஓரக்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்டர்லொக் கல் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கிறது. சுற்றிவர கொங்கிரீட் வைத்துப் பிடித்த ஓரக்கல் இல்லையென்றால், கட்டு அவிழ்ந்த விறகு மாதிரி ஓரத்திலிருந்து நெகிழத் தொடங்கும். ஓர வரிசைக்கு வெளியே சீமெந்துச் சாந்தை ஒரு விரல் கனத்துக்குப் பூசிவிட்டு "ஓரம் கட்டியாச்சு" என்பார்கள். கார் ரயர் இரண்டு தடவை ஏறினால் அது உடையும். கேற்றடியில்தான் இது முதலில் தெரியும்.

கல்லைப் பார்ப்போம். பாதைக்கு 60 மில்லிமீற்றர் கனமா, 80ஆ என்று கேட்பீர்கள். மோட்டார் சைக்கிள், கார் மட்டும் என்றால் கீழ்ப்படுக்கை நன்றாக இருந்தால் 60 தாங்கும். ஆனால் நெல் மூட்டையோடு ட்ராக்டர் வருமா? மலசலகூடக் குழி நிரம்பினால் பவுசர் எந்த வழியால் உள்ளே போகும்? அந்தப் பாதையால்தான் என்றால் 80 போடுங்கள். பின் முற்றத்துக்கு 60 தாராளம், கிரவலும் 4 அங்குலம் போதும்; காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அங்கே பிடியுங்கள். கொங்கிரீட் பதிகற்களுக்கு இலங்கைத் தரக்கட்டளை இருக்கிறது, எஸ்.எல்.எஸ். 1425. பெரிய உற்பத்தியாளர்களிடம் அந்தத் தரப்படி சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். ஊரில் அச்சுப்போடும் இடங்களில் அது பெரும்பாலும் இருக்காது. அங்கே கல்லையே விசாரிக்க வேண்டியதுதான்.

எப்படி என்றால், இரண்டு கல்லைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று கேட்கும். சீமெந்து குறைந்தது, ஈரம் காயாதது மொத்தென்று கேட்கும். விளிம்பை ஆணியால் கீறிப் பாருங்கள், மணல் உதிரக்கூடாது. ஒன்றை உடைத்துப் பார்க்கக் கேளுங்கள். முகம் முழுக்க ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும், நடுவில் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிந்தால் அந்த அடுக்கே வேண்டாம். 8க்கு 4 அங்குல நீள்சதுரக் கல், 60 மில்லிமீற்றர் கனத்தில், 2.6 கிலோவுக்குக் குறையாமல் நிறுக்க வேண்டும். 80 என்றால் மூன்றரைக் கிலோ. மரக்கறிக் கடைத் தராசே போதும். நேற்று அச்சில் வார்த்ததை இன்று ஏற்றி அனுப்புகிறார்களா என்றும் பாருங்கள். கொங்கிரீட்டுக்கு முழுப் பலம் வர 28 நாள் கணக்கு. குறைந்தது இரண்டு கிழமையாவது தண்ணீர் காட்டி வைத்த கல்லாக இருக்கட்டும். இந்த அளவுக் கல் சதுர மீற்றருக்கு 50 பிடிக்கும், உங்கள் பாதைக்கு 1,860 வரும். வெட்டு, உடைவுக்கு இன்னும் நூறு சேர்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவதை எறியாமல் பின்வளவில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். பிறகு குழாய் உடைந்து கல் கிளப்பினால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

மணலில் ஒரு எச்சரிக்கை. கல்லுக்கு அடியில் கடல் மணல் வேண்டாம். உப்பு இருக்கும், ஒரே பருமனான உருண்டை மணி என்பதால் நழுவிக்கொண்டே இருக்கும், அனுமதியில்லாமல் கரையில் அள்ளுவது சட்டவிரோதமும்கூட. ஆற்று மணல், அல்லது மாவு அதிகமில்லாத குவாரித் தூள். கிரவலில் உள்ள மேடுபள்ளத்தை மணலால் சரிக்கட்டவும் விடாதீர்கள். மணல் எங்கே தடிப்போ அங்கே பிறகு தாழும். கல் அடுக்கி முடிந்ததும் மெல்லிய காய்ந்த மணலைத் தூவிக் கூட்டி, கொம்பெக்டரை ஓட்டி, திரும்பவும் தூவி ஓட்ட வேண்டும். இடைவெளி நிரம்பாத கல் ஆடும்.

கல்லை விட்டுக் கொங்கிரீட் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். போடலாம். ஆனால் 8, 10 அடிக்கு ஒரு வெட்டு விட்டு, ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு நனைத்து வைக்க யாராவது வீட்டில் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். நாளைக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்க உடைத்தால் தழும்பு நிரந்தரம். உங்களுக்கு இன்டர்லொக்தான் சரி. கல் போடுமுன் பாதைக்குக் குறுக்கே ஒரு வெற்றுப் பிவிசி குழாயைப் புதைத்து விடுங்கள். கேற் லைட்டுக்கோ கமெராவுக்கோ வயர் இழுக்க உதவும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். நம்முடைய மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி, பெப்ரவரி வரை. அந்த மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். தோண்டிய இடத்தில் தண்ணீர் ஊறினால் எந்த மெசினாலும் இறுக்க முடியாது. பெரும்போக அறுவடை நேரத்தில் மழை விட்டிருந்தாலும் ட்ராக்டரும் கூலிக்கு ஆளும் வயலில் நிற்கும். சித்திரை வருஷத்துக்கு முன்பும், வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக்கு முன்பும் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டு வேலையைக் கொடுப்பார்கள். ஒரே கொந்தராத்துக்காரர் நாலு வீட்டில் கால் வைத்துவிட்டு எதையும் முடிக்காமல் ஓடிக்கொண்டிருப்பார். சடங்கு முடிந்து ஆனி, ஆடியில் வைத்துக்கொண்டால் அவருக்கும் ஆறுதல், உங்களுக்கும் விலை பேச இடம் கிடைக்கும்.

ஆளை விசாரிக்கும்போது போனில் காட்டும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். புதிதாகப் பதித்த எந்த முற்றமும் படத்தில் அழகுதான். இரண்டு மாரி கண்ட வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் மாமாவோ மச்சானோ போய்ப் பார்க்கட்டும். ரயர் ஓடும் தடம் குழிந்திருக்கிறதா, கேற்றடி ஓரம் விலகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எங்கே போகிறது என்றும் பார்க்கலாம். அந்த வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி போதும்: "பிறகு கூப்பிட்டபோது வந்தாரா?" சின்ன வேலைக்காரர்கள் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவில்லாமல் இருப்பதை நான் பெரிய குறையாக எடுப்பதில்லை. தொழில் தெரிந்த பாஸ்மார் பலர் எந்தக் கடதாசியும் இல்லாதவர்கள்.

ஆனால் உங்களுக்கும் அவருக்கும் இடையில் கடதாசி வேண்டும். ஒரு பக்கம் போதும். தோண்டும் ஆழம், கிரவல் எத்தனை அங்குலம், கல்லின் கனமும் அளவும், ஓரக்கல் எத்தனை அடி, சரிவு எந்தப் பக்கம், மண் அகற்றுவது யார், தொடங்கும் முடிக்கும் திகதி. அளவு பதித்த பரப்பில் என்றும் எழுதுங்கள்; ஓரக்கல்லைச் சதுர அடியிலும் சேர்த்து, நீள அடியிலும் சேர்த்து இரண்டு தடவை காசு கேட்பது நடக்கிற காரியம். "ஐந்து வருஷம் கேரண்டி" என்ற சொல்லால் பயனில்லை. "அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் கல்லைக் கிளப்பி இலவசமாகச் சரிசெய்து தருவேன்" என்று எழுதி ஒப்பமிடட்டும்.

காசை வேலையோடு சேர்த்துப் பிரியுங்கள். பொருள் இறக்க நாலில் ஒரு பங்கு, கிரவல் இறுக்கிக் காட்டிய பிறகு அடுத்தது, கல் முடிந்ததும் அடுத்தது, பத்துவீதம் கையில் இருக்கட்டும். நீங்கள் வெளிநாட்டில் என்பதால் இரண்டாவது தவணையைப் படம் பார்த்த பிறகே கொடுங்கள். கிரவல் மேல் நூல் கட்டி, நாடாவை நிறுத்தி ஆழம் தெரியப் படம் வர வேண்டும்; வந்த பிறகுதான் மணல் கொட்டலாம். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார், அவருக்கும் அது சாட்சி.

வீதியோரக் கானை மூடியோ மதகு வைத்தோ கேற்றுக்கு ஏற வேண்டுமானால் அது தனி விடயம். கல்முனை வீதிப் பக்கம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை, உள்வீதி என்றால் பொதுவாகப் பிரதேச சபை. கேட்காமல் கானை அடைத்தால் முழுத் தெருவுக்கும் வெள்ளம், பழி உங்களுக்கு. பிணக்கு வந்தால் வழக்குக்கு ஓடுமுன் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே கேட்கும் முதல் விடயம் அந்த ஒரு பக்கக் கடதாசியாகத்தான் இருக்கும்.

ஆகவே இப்போது எவருக்கும் சம்மதம் சொல்ல வேண்டாம். மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி மூவருக்கும் ஒரே மாதிரி அனுப்பி, இதன்படி திரும்ப விலை கேளுங்கள். குறைத்துச் சொன்னவர் அந்த விலையிலேயே நின்றால் அவருடைய பழைய வேலையைப் பார்த்துவிட்டு அவருக்கே கொடுங்கள். விலை ஏறி மற்றவர்களோடு சமமாக வந்தால், வளவைப் பார்க்க வந்தபோது தண்ணீர் ஓட்டம் கேட்டவர் யார் என்று அம்மாவிடம் கேளுங்கள். கையில் வைத்திருக்கும் பத்துவீதத்தை முதல் பெருமழைக்குப் பிறகு, அவர் வந்து இடைவெளிகளுக்கு இன்னொரு தடவை மணல் தூவிவிட்டுப் போன அன்று கொடுங்கள்.